ஆம்ப்ளிஃபயரை மாற்றத்தான் வேண்டுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் இருப்பது 100 வாட் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 டெசிபெல். 200 வாட்டுக்கு மாறினால் ஒலி எவ்வளவு கூடும்?

பதில்: மூன்று டெசிபெல் கூடும், அவ்வளவுதான். திறன் இருமடங்கானாலும் காதுக்கு அது சற்றே கூடியதாகத்தான் தெரியும். ஒலி இருமடங்காக உணரப்படுவதற்குச் சுமார் 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் தேவை. உங்கள் ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் தருகிறது என்றால், 100 வாட்டில் 107 டெசிபெல் தரும். வீட்டில் வழக்கமாகக் கேட்கும் அளவுக்குச் சராசரியாக ஓரிரு வாட்டே போதும். மிச்சமெல்லாம் மிருதங்கத்தின் ஓங்கிய அடி போன்ற கணநேர உச்சங்களுக்கான இருப்பு. அந்த உச்சங்களில் ஒலி கரகரத்து இறுகுகிறதா என்று கவனியுங்கள். இல்லையென்றால் கூடுதல் வாட்டுக்குச் செலவழிக்கக் காரணமில்லை.

கேள்வி: ஸ்பீக்கரில் மின்தடை 8 ஓம் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அளவீட்டு வரைபடத்தில் சில இடங்களில் 3 ஓம் வரை இறங்குகிறது. இது கவலைக்குரியதா?

பதில்: ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதற்கு நான் தயங்காமல் ஒப்புக்கொள்ளும் காரணங்களுள் இது முதன்மையானது. 28 வோல்ட்டில் 8 ஓம் மின்தடை 3.5 ஆம்பியர் இழுக்கும். அதே வோல்ட்டில் 3 ஓம் 9 ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். ஆகவே வாட் எண்ணைவிட, 8 ஓமில் தரும் திறன் 4 ஓமில் எந்த அளவுக்கு உயர்கிறது என்று பாருங்கள். ஏறக்குறைய இருமடங்கானால், அந்தக் கூடுதல் மின்னோட்டத்தைத் தரும் அளவுக்கு ஆம்ப்ளிஃபயரின் மின்வழங்கி (பவர் சப்ளை) உறுதியானது என்று பொருள். சற்றே உயர்ந்து நின்றுவிட்டால் உங்கள் ஸ்பீக்கருக்கு அது ஏற்றதல்ல.

கேள்வி: நண்பரின் விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயரை வீட்டில் இணைத்துக் கேட்டேன். வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. வாங்கிவிடலாமா?

பதில்: இரண்டையும் ஒரே ஒலியளவில் வைத்துக் கேட்டீர்களா என்பதை முதலில் சொல்லுங்கள். அரை டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதை நம் காது ‘சத்தம் கூடியது’ என்று கொள்ளாமல், ‘தெளிவு கூடியது, ஆழம் கூடியது’ என்றே எடுத்துக்கொள்ளும். வால்யூம் குமிழின் நிலையை ஒப்பிட்டுப் பயனில்லை, ஏனெனில் ஒவ்வொரு கருவியின் பெருக்கமும் வேறு. போதாததற்கு, பல கருவிகளில் சாதாரண கேபிளுக்குப் பதில் பேலன்ஸ்டு கேபிளை (ஒரே சிக்னலை இரு கம்பிகளில் எதிரெதிராகக் கொண்டுசெல்வது) செருகினாலே 6 டெசிபெல் கூடிவிடும். அதில் நானும் ஒருமுறை ஏமாந்து, ஒரு வாரம் முழுக்க அந்தக் கேபிளைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். சோதனைத் தொனி ஒன்றை ஒலிக்கவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் வோல்ட்டை அளந்து, வேறுபாடு ஒரு சதவீதத்துக்குள் வரும்வரை இரண்டையும் சரிசெய்யுங்கள். அது ஏறக்குறைய 0.1 டெசிபெல். பிறகு எது ஒலிக்கிறது என்று உங்களுக்குத் தெரியாதபடி வேறொருவரை மாற்றி மாற்றி இணைக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதும் வித்தியாசம் நிலைத்தால் அது உண்மையானது, தாராளமாக வாங்குங்கள். அது மறைந்துபோனால், அந்தத் தொகையை அறையின் ஒலி எதிரொலிப்பைச் சீர்செய்யவோ, ஸ்பீக்கருக்கோ ஒதுக்குங்கள். இவ்விரண்டிலும் வரும் மாற்றத்தைக் கேட்க எந்தச் சோதனையும் வேண்டியிருக்காது.

கேள்வி: இருபது ஆண்டுகளாக வைத்திருக்கும் ஏ வகுப்பு ஆம்ப்ளிஃபயரில் இப்போது மெல்லிய இரைச்சல் வருகிறது. பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

பதில்: பழுதுபார்ப்பதே என் முதல் தேர்வு. பாட்டு ஒலிக்காதபோதும் முழு மின்னோட்டத்தில் இயங்குவது இவ்வகை. அந்த வெப்பத்தில் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள், அதாவது உள்ளே திரவம் கொண்ட மின்தேக்கிகள், வறண்டுபோகின்றன. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அவற்றை மாற்றி, பயஸை (பாட்டு இல்லாதபோது ஓடும் மின்னோட்டத்தின் அளவை) சரிசெய்தாலே பெரும்பாலும் பழைய ஒலி மீண்டுவிடும். பாட்டு இல்லாத நேரத்தில் ஸ்பீக்கர் முனைகளில் நேர்மின்னழுத்தத்தையும் (டிசி வோல்ட்) அளக்கச் சொல்லுங்கள். அது சில பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டியிருந்தால், பழுது நீங்கும்வரை ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

கேள்வி: டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு மாறினால் இனிமை கூடுமா?

பதில்: உங்கள் ஸ்பீக்கரைப் பொறுத்தது. வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றின் வெளியீட்டு மின்தடை அதிகம். அது 2 ஓம் என்று கொண்டால், அதிர்வெண்ணுக்கேற்ப மின்தடை 4 முதல் 20 ஓம் வரை ஏறி இறங்கும் ஒரு ஸ்பீக்கரில் அதிர்வெண்களுக்கிடையே 2.7 டெசிபெல் ஏற்றத்தாழ்வு உண்டாகும். நீங்கள் ‘இனிமை’ என்பது சில வேளை இந்த ஏற்றத்தாழ்வாகவே இருக்கலாம். பிடித்திருந்தால் தவறில்லை, ஆனால் ஸ்பீக்கரை மாற்றும் நாளில் அந்த இனிமையும் மாறிவிடும்.