பேட்டரி ஆலை இருந்த இடத்தில் ஃபிளாட்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: வடசென்னையில் மூடிக்கிடந்த பேட்டரி ஆலையை இடித்து, 5 ஏக்கரில் 'பசுமைக் குடியிருப்பு' கட்டுகிறார்கள். 62 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு 5 லட்சம் முன்பணம் கட்டியிருக்கிறேன். குடியிருப்போருக்கு மட்டுமான பூங்கா உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். அஸ்திவாரம் தோண்டிய இடத்தில் மண் கன்னங்கரேலென்று இருக்கிறது. கேட்டால், மண் பரிசோதனை முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கிப் பாருங்கள். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்று அஸ்திவாரத்துக்காக எடுத்ததாகத்தான் பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது ஈயம், அமிலம் பற்றிய ஆய்வு. போர் தண்ணீருக்கும் சேர்த்து.

அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் ஒரு ஆர்டிஐ மனு போடுங்கள். ஆலைக்குத் தந்த இசைவாணை (இயங்க வாரியம் தந்த அனுமதி), அனுப்பிய நோட்டீஸ்கள், மூடியபோது கழிவு எங்கே போனது என எல்லாவற்றுக்கும் நகல் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். மாசடைந்த இடங்களுக்கென்றே 2025-இல் மத்திய அரசு விதிகள் கொண்டுவந்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடத்தை வாரியம் ஆய்வு செய்ய வேண்டும், கெடுத்தவர்தான் சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும். அதைக் குறிப்பிட்டுக் கலெக்டருக்கும் ஒரு மனு கொடுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதியும் கட்டாயம். அதன் நிபந்தனைகளைக் கேட்டு வாங்குங்கள்.

பூங்கா விஷயத்தில் எனக்குச் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலை போக 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். 5 ஏக்கர் என்பது 20,000-ஐத் தாண்டுகிறது. வரைபடத்தில் 'ஓஎஸ்ஆர்' (இப்படி ஒதுக்கிய திறந்தவெளி) என்று குறித்த இடமும் விளம்பரப் பூங்காவும் ஒன்றேயானால், அது ஊருக்குப் பொதுவான பூங்கா. உங்களுக்கு மட்டும் என்று விற்க பில்டருக்கு உரிமையே இல்லை.

அப்படி விளம்பரம் பொய்யென்று தெரிந்து, அதை நம்பிப் பணம் கட்டியதால் உங்களுக்கு நஷ்டம் என்றால், ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பிரிவு 12 கைகொடுக்கும். விலகிக்கொண்டு, கட்டிய பணத்தை வட்டியோடு கேட்கலாம். பணத்தைத் திரும்பப் பெற ரெரா ஆணையத்தில் 'எம்' (M) படிவம், நஷ்டஈட்டுக்குத் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' (N) படிவம். விளம்பரத் தாளைப் பத்திரமாக வையுங்கள், வழக்கே அதில்தான் நிற்கும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. அடுத்த தவணை கேட்டால் பிரிவு 13-ஐச் சொல்லுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து கையெழுத்துப் போடுவதானால், 'மனையின் நிலையை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தேன்' என்ற வரி ஒப்பந்தத்தில் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அதை அடிக்கச் சொல்லிவிட்டு, ஆய்வறிக்கையை இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.