பஞ்ச் ஃபேஸ் பெர்ஷியன் வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. பூனை வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறாள். தெரிந்தவர் ஒருவர் 45 நாள் ஆன, தட்டை முகமுள்ள ‘பஞ்ச் ஃபேஸ்’ பெர்ஷியன் குட்டி தருவதாகச் சொல்கிறார். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். அடுக்குமாடி வீடு, பகலில் ஏசி ஓடாது. இது சரிவருமா? இல்லை, பெங்கால் பூனை வாங்கலாமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனாலும் இந்தக் குட்டி வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

அந்தத் தட்டை முகத்தில்தான் சிக்கலே இருக்கிறது. மூக்குத் துளைகள் கீறல் மாதிரி ஒடுங்கியிருப்பதால் சாதாரண நாளிலேயே சில பூனைகள் குறட்டைச் சத்தத்தோடு மூச்சு விடும். சென்னை மே மாதத்தில், மூடிய வீட்டில், பகல் முழுக்க அது தனியாக இருக்கப்போகிறது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், நாய் இளைப்பது போலச் சும்மா விட முடியாது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்போது வீட்டில் யார் இருப்பார்கள்?

கண்ணீரும் உள்ளே இறங்காமல் மூக்கோரமாக வழிந்து பழுப்புக் கறையாகப் படியும். தினமும் ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். அப்புறம் முடி. காதுக்குப் பின்னால், அக்குளில், வயிற்றில் சிக்கு விழும். நாள் தவறாமல் ஸ்டீல் சீப்பால் வாரினால்தான் தப்பிக்கலாம். விழுந்த சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டப் போகாதீர்கள். சிக்கை இழுக்கும்போது மெல்லிய தோலும் சேர்ந்து எழும்பி வரும், வெட்டுவது எது என்றே தெரியாது. இந்த இனத்துக்குப் படர்தாமரையும் சுலபமாக வரும். கட்டிக்கொண்டு தூங்கும் பிள்ளைக்கும் தொற்றும்.

பெர்ஷியனில் பரம்பரையாக வரும் சிறுநீரக நீர்க்கட்டி நோயும் உண்டு. தாய், தகப்பன் இரண்டில் ஒன்றுக்கு இருந்தாலே போதும், குட்டிகளில் ஏறக்குறைய பாதிக்கு வரலாம். பல வருடம் வெளியே தெரியாது. இதற்கு மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பெர்ஷியன்தான் வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தால், மூக்கு சற்று நீண்ட ‘டால் ஃபேஸ்’ குட்டியாகப் பாருங்கள், பெற்றோரின் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

45 நாளில் குட்டியைப் பிரிப்பதும் தப்பு. வலிக்காமல் கடித்து விளையாடுவதைக்கூடத் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் அது கற்றுக்கொள்கிறது. 12 வாரமாவது சேர்ந்திருக்கட்டும்.

பெங்கால் உங்கள் வீட்டுக்கு இதைவிடவும் பொருந்தாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறதே சிறுத்தைப் பூனை, அதையும் வீட்டுப் பூனையையும் கலந்து அமெரிக்காவில் உருவாக்கிய இனம் அது. ஓட்டமும் தாவலும் அதற்குத் தினமும் வேண்டும். ஆளில்லாத வீட்டில் திரைச்சீலையும் சோபாவும் தப்பாது.

நாட்டுப் பூனைக் குட்டி இரண்டாக எடுங்கள். ஆளில்லாத பகலில் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும். குட்டை முடி, நீண்ட மூக்கு, நம் வெயிலுக்குப் பழகிய உடம்பு. வேளச்சேரியில் உள்ள புளூ கிராஸ் விலங்கு நல அமைப்பில் விசாரியுங்கள். மகளையே கூட்டிப்போய்த் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் பால்கனிக்கு வலை அடித்துவிடுங்கள். தொட்டியில் லில்லிச் செடி இருந்தால் அதையும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அதன் இலையைக் கடித்தாலே பூனையின் சிறுநீரகம் போய்விடும்.