குழாயைத் தேர்ந்தவரே இணைப்பையும் தேர்ந்துவிட்டார்

ஐயா, எங்கள் பட்டறைக்கு 24 மீட்டர் டிரஸ் (முக்கோணங்களாகக் கட்டும் கூரைச் சட்டம்) வேலை வந்திருக்கிறது. எல்லாம் சதுரக் குழாய். டிராயிங்கில் குழாய் அளவுகள் மட்டும்தான் உள்ளன. ஓரத்தில் 'இணைப்புகள் ஃபேப்ரிகேட்டர் பொறுப்பு' என்று ஒரு வரி. வடிவமைக்க வேண்டியது நாங்களா, டிசைனரா? எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?
கதிர்

அன்புள்ள கதிர்,

சாஃப்ட்வேரை விடுங்கள். ஒவ்வொரு குழாயிலும் எவ்வளவு விசை வருகிறது என்பதே தெரியாதபோது அது எதைக் கணக்குப் போடும்? டிசைனரே இணைப்புகளை முழுதாக வரையலாம். விசைகளைக் கொடுத்து உங்கள் இன்ஜினியரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். எது என்பதை ஒப்பந்தம் முடிவு செய்யட்டும். விசை தராமல் ஒப்படைப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. அந்த வரியைப் பார்த்த பிறகும் வாய்திறக்காமல் விலை சொன்னது உங்கள் தவறு.

குழாய் டிரஸ் என்பதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும். கஸெட் பிளேட் (உறுப்புகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடு) என்றால் தடிமனைக் கூட்டலாம், போல்ட் சேர்க்கலாம். குழாய்மேல் குழாயை நேராக வெல்ட் செய்தால் அந்த வசதி கிடையாது. டயகனல், அதாவது சாய்வுக் குழாய், தள்ளுவதும் இழுப்பதும் கார்டின், அதாவது மேலும் கீழும் ஓடும் நீளக் குழாயின், மெல்லிய முகத்தைத்தான். வெல்டை எவ்வளவு பெரிதாக்கினாலும் முகம் குழிவதைத் தடுக்க முடியாது. ஆக, குழாய் அளவை எழுதியவர் அப்போதே பாதி இணைப்பை வடிவமைத்துவிட்டார்.

கார்டுக்கு 150×150×5 மி.மீ. குழாயையும் 120×120×6.3 மி.மீ. குழாயையும் எடுத்துக்கொள்ளுங்கள் (கடைசி எண் சுவர் தடிமன்). எடை ஏறக்குறைய ஒன்றே. இரண்டு 90×90 டயகனல்கள் இடைவெளி விட்டுச் சேரும் இணைப்பில், முகத்தின் தாங்குதிறன் இரண்டாவதில் சுமார் ஒன்றரை மடங்கு. சுவர் தடிமனாக இருக்கிறது, கார்டின் அகலமும் டயகனலின் அகலத்தை நெருங்குகிறது. சிறிய குழாய் அமுக்கத்தில் பக்கவாட்டில் வளையுமா என்று மட்டும் பர்லின்களின் (கூரைத் தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள்) இடைவெளியை வைத்துப் பார்க்க வேண்டும். டன் கணக்கில் மட்டும் கண்வைப்பவர்கள் அகலமான மெல்லிய குழாயைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். குழாய்கள் சேரும் ஒவ்வொரு முனையிலும் முகத்தைப் பலப்படுத்த பிளேட் ஒட்டுவது பட்டறை தலையில் விழுகிறது.

டயகனல்களுக்கு நடுவே விடும் இடைவெளி குறைந்தது இரு டயகனல் சுவர்களின் தடிமனையும் கூட்டிய அளவு இருக்க வேண்டும், இல்லையென்றால் வெல்டுக்கு இடமிருக்காது. அதற்காக டிசைனரைக் கேட்காமல் டயகனலை நகர்த்திவிடாதீர்கள். முனையின் இருபுறமும் கார்டு விசை 300 கிலோநியூட்டன் வேறுபட்டு, மையக்கோடுகள் 40 மி.மீ. விலகிச் சந்தித்தால், 12 கிலோநியூட்டன்-மீட்டர் வளைக்கும் திருப்புத்திறன் கார்டில் ஏறும். இணைப்பில் செய்யும் சிறு மாற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்று பாருங்கள்: 1981-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ஹோட்டல் நடைபாலத்தில் ஒரே தொங்குகம்பியை இரண்டாகப் பிரித்து வரைந்தார்கள். மேல் பாலத்தின் இணைப்பில் சுமை இரட்டித்தது. அந்த ஷாப் டிராயிங்குக்கு (பட்டறை தயாரிக்கும் வரைபடம்) டிசைனர் தரப்பின் ஒப்புதலும் இருந்தது. பாலம் இடிந்து 114 பேர் இறந்தார்கள்.

டிசைனரிடம் எழுத்தில் கேளுங்கள்: ஒவ்வொரு சுமைச் சேர்க்கைக்கும் (எடை, காற்று போன்றவை ஒன்றுசேரும் நிலை) ஒவ்வொரு உறுப்பின் விசை, இழுவையா அமுக்கமா என்ற குறியோடு. அதிகபட்சம் மட்டும் போதாது. காற்று கூரையைத் தூக்கும்போது கீழ்க் கார்டு அமுக்கத்துக்கு மாறலாம். மையக்கோடுகள் சந்திக்கும் புள்ளிகளும், லாரியில் ஏற்ற டிரஸைத் துண்டாக்கும் இடமும் வேண்டும். கார்டு முகம் தாங்காதென்று தெரிந்தால் குழாயையே மாற்றச் சொல்லுங்கள். குழாய்க்கு ஆர்டர் போடும் முன்பே இதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்.