போனில் 20 டிகிரி, ஆனால் கை விறைக்கிறதே?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் வயலை ஒட்டி வீடு. திருப்பூரில் வேலை என்பதால் காலை ஐந்தரைக்கே பைக்கில் கிளம்பிவிடுவேன். போன் 20 டிகிரி என்கிறது, வண்டியை எடுத்தால் கை விறைக்கிறது. வழியில் ஓரிடத்தில் பனிமூட்டம் கண்ணை மறைக்கிறது, கொஞ்ச தூரத்தில் ஒன்றுமே இல்லை. பொங்கல் லீவில் குழந்தைகளோடு ஊட்டி போகவும் எண்ணம். எதைப் பார்த்துத் தயாராவது?

பதில்: போன் சொல்வது உங்கள் வாசலின் குளிரை அல்ல. செயலிகள் பல கிலோமீட்டர் பரப்புக்கு ஒரே கணக்கைப் போடுகின்றன. வானிலை நிலையத்திலும் வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், நிழல் கூண்டுக்குள் இருக்கும். மார்கழி, தை விடியலில் தரையை ஒட்டிய காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும். அதனால் முந்தின ராத்திரி வானத்தை நம்புங்கள்.

படுக்கப் போகும் முன் மொட்டை மாடிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் விடியலில் வெடவெடக்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். வங்கக்கடலில் தாழ்வுநிலை உருவாகி நம் பக்கம் மேகம் படரும்போது காலைக் குளிர் மட்டுப்பட்டு, பகல்தான் மந்தமாகச் சில்லென்று இருக்கும். மேகம் கலைந்ததும் விடியல் குளிர் திரும்பிவிடும். ‘தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்’ என்பதும் இதை வைத்துத்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் நாள்கணக்கில் தெளிந்து கிடக்கும் மாதங்கள் அவை.

காலையில் பைக் சீட்டைத் தொட்டுப் பாருங்கள். வெட்டவெளியில் நின்ற வண்டி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். வேப்பமரத்தடியில் நின்றது அநேகமாகக் காய்ந்தே இருக்கும். பனி மழைபோல மேலிருந்து இறங்குவதில்லை. திறந்த வானத்தின் கீழ் இருக்கும் சீட் சூட்டை இழந்து குளிர்கிறது, பக்கத்துக் காற்றின் ஈரம் அதன்மேல் நீராகப் படிகிறது. சீட் தெப்பலாக நனைந்திருக்கும் நாளில் வயலோரச் சாலையில் மூட்டத்தை எதிர்பார்த்தே கிளம்புங்கள்.

மூட்டம் ஒரே இடத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளம் தேடி இறங்கும். கோபி சுற்றுவட்டாரம் வாய்க்கால் பாசன பூமி. வயலும் வாய்க்காலும் ஈரத்தைக் கொடுக்க, பள்ளத்தில் தேங்கிய குளிர் அதை மூட்டமாக்குகிறது. மேட்டுக்காடு வந்ததும் ஈரமும் குறைவு, தேக்கமும் இல்லை. அந்த இடம் உங்களுக்கு இப்போது தெரியும். அதற்குள் நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹைபீம் வேண்டாம், வெளிச்சம் மூட்டத்தில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துப் போங்கள். நிற்கத்தான் வேண்டுமென்றால் சாலையை விட்டு நன்றாக இறங்கி நில்லுங்கள்.

அரை மணி தள்ளிக் கிளம்பினாலும் குளிர் குறையாது. நாளின் கடுங்குளிர் சூரியன் உதிக்கும் நேரத்தை ஒட்டித்தான். மூட்டம் சில நாள் உதயத்துக்குப் பிறகு இன்னும் அடர்வதும் உண்டு. வெளிச்சம் கிடைக்கும் என்பது மட்டும் லாபம். அதுவும் சிறிய லாபமில்லை: நம் பக்கம் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரிக் கடைசியில்தான், ஆகவே பொங்கல் முடிந்தும் உங்கள் ஐந்தரை மணி கும்மிருட்டாகவே இருக்கும்.

கை விறைப்பதற்குக் காரணம் வேகம். தோலை ஒட்டி இருக்கும் சூட்டைக் காற்று அள்ளிக்கொண்டு போகிறது. கம்பளி ஸ்வெட்டர் மட்டும் போட்டால் காற்று உள்ளே புகுந்துவிடும். மேலே மழைக்கோட்டு போடுங்கள். கையுறையும் காற்றுப் புகாததாக இருக்கட்டும். ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் மங்கினால் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.

வீட்டுக்குள் குளிரை அறியத் தேங்காய் எண்ணெயே போதும். அது 24 டிகிரி வாக்கில் உறையும். குளியலறை மாடத்தில் உறைந்து, சமையலறையில் உருகியே இருந்தால் எந்த அறை சூட்டைத் தாங்குகிறது என்று தெரிந்துவிடும். குழந்தைகளை எங்கே படுக்க வைப்பது என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம். மாவு புளிக்க எடுக்கும் நேரமும் அதே கதைதான். உறைந்தாலே சுத்தமான எண்ணெய் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள், பாமாயிலும் குளிரில் கெட்டியாகும்.

அப்புறம் ஊட்டி. பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையத்தோடு ஒப்பிட்டால் 12 டிகிரி வரை குறைவாக இருக்கலாம். தெளிந்த ராத்திரியில் அங்கே புல்வெளிப் பள்ளங்களில் உறைபனியே விழும். பகல் வெயிலோ சுள்ளென்று அடிக்கும். ஆகவே ஒரே தடிமனான உடுப்பைவிட, கழற்றி மாட்ட வசதியாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகள் குழந்தைகளுக்கு நல்லது. மலையேறும்போது கார்க் கண்ணாடி உள்பக்கம் மங்கினால் ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். வெளிப்பக்கம் மங்கினால் ஏசியின் குளிர்ச்சியைக் குறைத்து வைப்பரை ஓட்டுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சியே கேட்கிறேன். தங்கும் அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்புக்கரி கணப்பை வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். குளிர் தாங்கவில்லை என்றால் இன்னும் இரண்டு கம்பளி கேட்டு வாங்குங்கள்.