12, 14 வயதுப் பிள்ளைகளோடு ஐரோப்பாவில் எந்த விடுமுறைப் பூங்காவுக்குப் போகலாம்?

இந்த வயதுப் பிள்ளைகள் ஒரு வாரம் முழுக்க அப்பா அம்மா பின்னாலேயே நடக்கமாட்டார்கள். அதனால் நான் முதலில் பார்ப்பது, அவர்கள் பயமில்லாமல் தனியாகச் சுற்றிவர முடியுமா என்பதைத்தான்.

அந்த வகையில் என் ஓட்டு நெதர்லாந்துக்கு. சென்டர் பார்க்ஸ் என்ற விடுமுறைப் பூங்கா நிறுவனம் 1968-இல் தொடங்கியதே அங்கேதான். காட்டுக்குள் சின்னச் சின்ன வீடுகள். பெரும்பாலும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே சைக்கிளில்தான் போய்வருவார்கள். நீச்சல் குளம் கூரைக்கு அடியில், வெதுவெதுப்பாக இருக்கும். மழை பெய்தாலும் (பெய்யும்!) அன்றைய நாள் வீணாகாது.

ராட்டினமும் வேண்டும் என்றால் ஹேக் நகருக்குப் பக்கத்தில் வாசனாரில் உள்ள டௌன்ரெல் என்ற விடுமுறைப் பூங்கா. அங்கே தங்குவோருக்குக் கேளிக்கைப் பூங்காவுக்குத் தனி டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. தண்ணீர்ச் சறுக்குகளுக்கு அங்கேயே டிக்கிபாத் என்ற நீர்ப்பூங்கா இருக்கிறது, கடற்கரையும் சைக்கிள் தொலைவுதான். ஜெர்மனியில் ரூஸ்டில் உள்ள யூரோப்பா பார்க் என்ற கேளிக்கைப் பூங்கா இதைவிடப் பிரமாண்டம், ஆனால் ஒரு வாரம் தங்கும் இடமல்ல. இரண்டு மூன்று நாள் போதும்.

பிரான்சு என்று முடிவெடுத்தால் ஆகஸ்ட் கூட்டத்தைத் தவிர்க்கப் பாருங்கள். இன்னொன்று, அங்கே பல குளங்களில் தொளதொள கால்சட்டையோடு இறங்க விடமாட்டார்கள். பையனுக்கு இறுக்கமான நீச்சல் உடை ஒன்றை இப்போதே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.