வண்டி வருவதற்குள்: தீ, காஸ், புகை பற்றிச் சில கேள்விகள்

சென்னையில் தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டுப் பாதுகாப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, தீப்பிடித்தால் 101-ஐ அழைப்பதா, 112-ஐயா? மாநகராட்சிக்கும் சொல்ல வேண்டுமா? (கொளத்தூர்)

எதை அழைத்தாலும் சரி. மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டியதில்லை. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கையில் இருக்கிறது. இங்கே அது மாநில அரசின் துறை. "சீக்கிரம் வாங்க" என்று கத்திவிட்டு போனை வைத்துவிடாதீர்கள். எந்தப் பகுதி, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, உள்ளே யாராவது மாட்டிக்கொண்டிருக்கிறார்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஓர் ஆளைத் தெருமுனைக்கு அனுப்புங்கள். சென்னையில் காந்தி தெருவுக்குப் பஞ்சமில்லை.

ராத்திரி சமையலறையில் காஸ் வாசனை வந்தால் முதலில் என்ன செய்வது சார்? (வேளச்சேரி)

விளக்கைப் போட்டுப் பார்க்கக் கூடாது. எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. சுவிட்சைத் தட்டும்போது வரும் சிறு பொறியே போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவதும் அதே தப்புதான். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து, தாழ்வான இடமாகப் பார்த்துத் தேங்கும். அதனால் ஜன்னலோடு நிறுத்தாமல் கதவையும் திறந்துவிடுங்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரோடு வரும் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். எல்லாரும் வெளியே வந்த பிறகு, வெளியிலிருந்தே 1906-ஐ அழையுங்கள். காஸ் கசிவுக்கென்று உள்ள எண் அது, நாள் முழுக்க இயங்கும். மெயின் சுவிட்ச் கீழே மீட்டர் பெட்டியில் இருந்தால் அதையும் அணைக்கலாம், ஏனென்றால் ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போதும் பொறி வரலாம். வீட்டுக்குள்ளேயே இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

சிலிண்டர் வாங்கும்போது எடை மட்டும் பார்த்தால் போதாது. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் தகடுகளில் ஒன்றின் உள்பக்கம் 'பி-27' என்பது போல எழுதியிருக்கும். 2027 ஜூனுக்குள் அந்த சிலிண்டரைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். ஏ என்றால் மார்ச், சி செப்டம்பர், டி டிசம்பர். தேதி தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். பத்து வருஷ டியூபை வைத்துக்கொண்டு "நல்லாத்தானே இருக்கு" என்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்பளம் பொரிக்கும்போது எண்ணெய் தீப்பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஊற்றலாமா? (திருவொற்றியூர்)

ஊற்றவே கூடாதம்மா. தண்ணீர் சட்டென்று ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரைவரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடிவிட்டு, ஆறும்வரை திறக்காதீர்கள்.

நாலாவது மாடியில் இருக்கிறோம். உங்கள் ஏணி எட்டுமா? (போரூர்)

ஏணி எட்டும். வண்டி உங்கள் தெருவுக்குள் வருமா என்பதுதான் சந்தேகம். இரண்டு பக்கமும் கார், நடுவில் ஒரு ஆட்டோ. உயரமான ஸ்கைலிஃப்ட், அதாவது மேலே தூக்கும் ஏணி வண்டி, நிற்க அகலமான, உறுதியான இடம் வேண்டும். ஆகவே ஏணியை நம்பாமல் படிக்கட்டை நம்புங்கள். அங்கே செருப்பு அலமாரி, பழைய சைக்கிள், உடைந்த நாற்காலி எல்லாம் கிடக்கும். பற்றிக்கொண்டால் புகை மேலேறும் பாதையும் அதுதான், நீங்கள் இறங்கும் பாதையும் அதுதான்.

படிக்கட்டில் புகை இல்லையென்றால் கதவைச் சாத்திவிட்டு இறங்குங்கள். லிஃப்ட் வேண்டாம். புகை நிறைந்திருந்தால் வெளியே வராமல், கதவை மூடி இடுக்கில் ஈரத்துணியைச் செருகி, தெருப்பக்க பால்கனியில் நின்று கையசையுங்கள். மொட்டை மாடிக்கு ஓடலாம் என்பார்கள். அந்தக் கதவுக்குப் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம், செக்ரட்டரி ஊரில் இல்லை!

திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் பால்கனிக்கும் கம்பி போட்டு அடைத்துவிடுகிறோம். ஒரு கிரில்லிலாவது திறக்கிற மாதிரி கதவு வையுங்கள். சாவி குழந்தைக்கு எட்டாமல், பெரியவர்கள் இருட்டில் துழாவி எடுக்கிற இடத்தில் தொங்கட்டும்.

வீட்டுக்குத் தீயணைப்பான் எது வாங்குவது? (அண்ணா நகர்)

ஏபிசி பவுடர் (மரம், துணி, எண்ணெய், காஸ் எல்லாத் தீக்குமானது) போதும், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அடுப்புக்கு மேலே மாட்டாமல் சமையலறை வாசலருகே மாட்டுங்கள். அதன் அழுத்த மீட்டரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பின்னை இழுத்து, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்து அடிக்க வேண்டும். வீட்டில் வைக்கிற அளவு அரை நிமிடம்கூட வராது. அதற்குள் அணையவில்லை என்றால் வெளியே போய்விடுங்கள்.

ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியில் ஒத்திகை நடத்த உங்கள் துறை வருமா? (தாம்பரம்)

வருவார்கள் டீச்சர். பக்கத்து நிலையத்துக்குக் கடிதம் கொடுங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக வருவது. அப்போது கோடை விடுமுறை நெருங்கியிருக்கும் என்பதால் ஜூனிலேயே கேட்டு வாங்குங்கள். எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் உட்காரவைத்து சிலிண்டர் தீயை ஈரச் சாக்கால் அணைத்துக் காட்டினால் கைதட்டுவார்கள், ஆனால் அது பாதிதான். மணி அடித்து, எல்லா வகுப்பும் இறங்கி, வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தலை எண்ண வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். கீற்றுக் கூரை, குறுகலான வழி. இப்போது கூரை கான்கிரீட்டாகிவிட்டது. வழியையும் அளந்து பாருங்கள், பின்வாசல் பூட்டியிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மின்சார ஸ்கூட்டரை ராத்திரி முழுக்க சார்ஜ் போடலாமா அண்ணா? (பெருங்குடி)

தூங்கும்போது வேண்டாம் தம்பி. வாசல் கதவை ஒட்டியும் வேண்டாம், பற்றினால் வெளியே போகிற வழியே அடைபடும். கம்பெனி சார்ஜரைத் தவிர வேறெதையும் செருகாதீர்கள். பேட்டரி உப்பியிருந்தாலோ கீழே விழுந்து அடிபட்டிருந்தாலோ சார்ஜே போடாமல் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.