ஆறாம் வகுப்பு மகளுக்குத் தாவர செல், விலங்கு செல் வேறுபாட்டை எப்படிப் புரியவைப்பது?

அட்டவணையை எத்தனை முறை படித்தாலும் மறந்துவிடுகிறாள், செல்லுக்குச் சக்தி எடுத்துத் தரும் பாகமான மைட்டோகாண்ட்ரியா விலங்கு செல்லில் மட்டும் இருப்பதாக எழுதி மதிப்பெண்ணை விட்டுவிட்டாள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர் நீங்கள் என்று நினைக்கிறேன். பிள்ளை மேல் கோபப்படாதீர்கள். அவள் இதுவரை ஒரு செல்லைக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். கண்ணில் படாத ஒன்றின் பாகங்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் யாருக்கும் குழம்பத்தான் செய்யும்.

நான் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு நுண்ணோக்கி. அது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். செல் பாடம் வந்தால் படம் வரைவது கடைசியில்தான். முதலில் வெங்காயம்.

பெரிய வெங்காயத்தில் ஓர் அடுக்கை எடுத்து, அதன் உட்பக்கம் ஒட்டியிருக்கும் நிறமில்லாத மெல்லிய தோலை உரித்து, சிலைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு வைத்து, கொஞ்சம் சாஃப்ரானின் சாயம் சேர்த்தால் நீள நீளமான கட்டங்கள் வரிசையாகத் தெரியும். கட்டத்துக்கு ஒரு புள்ளி, அதுதான் உட்கரு. போன ஆண்டு இதைப் பார்த்த ஒரு பெண், "டீச்சர், புத்தகத்துல பச்சை பச்சையா இருக்கே, இதுல ஒண்ணையும் காணோமே?" என்று கேட்டாள். எத்தனையோ பட்டதாரிகளுக்குத் தோன்றாத கேள்வி அது. வெங்காயத்தின் உள் அடுக்குகள் வெளிச்சம் படாமல் உணவைச் சேர்த்து வைக்கிற இடம், அங்கே பசுங்கணிகம், அதாவது வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பச்சை மணி, கிடையாது. எல்லாத் தாவர செல்லிலும் பசுங்கணிகம் இருக்கும் என்று எழுதிப் பழகிவிட்டோம், வேரில் கூடத் தேடினாலும் கிடைக்காது.

மறுநாள் ஒரு பையன் ஏரியிலிருந்து ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி கொண்டுவந்தான். அதன் இலை இரண்டே செல் தடிமன், சீவ வேண்டாம், அப்படியே வைக்கலாம். கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் வைத்திருந்து பார்த்தோம். பச்சை மணிகள் செல்லின் ஓரமாகவே ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருந்தன. ஏன் ஓரமாகவே போகின்றன? நடுவில் நீர் நிறைந்த பை, பெரிய நுண்குமிழ், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. முதிர்ந்த தாவர செல்லில் 80 விழுக்காட்டுக்கு மேல்கூட அதுவே இருக்கும். இந்த மணிகள் மிதக்கும் கூழான சைட்டோபிளாசத்துக்கு மிஞ்சுவது ஓரம்தான். "தாவர செல்லில் பெரிய நுண்குமிழ்" என்ற வரியை அந்த வகுப்பில் யாருக்கும் நான் மறுபடி சொல்ல வேண்டி வரவில்லை.

செல் சுவருக்கும் இப்படி ஒரு வழி உண்டு. வெங்காய அடுக்கின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை உரித்து வைத்து, ஓரத்தில் உப்புத் தண்ணீர் விடுங்கள். ஊதா நிறம் நுண்குமிழுக்குள் இருப்பதால், தண்ணீர் வெளியேற வெளியேற அந்த நிறம் சுருங்கி நடுவில் ஒதுங்கும். வெளிக்கட்டம் அப்படியே நிற்கும். நிற்பது சுவர், சுருங்குவதைச் சுற்றியிருப்பது சவ்வு. 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்து செல் என்று பெயர் வைத்ததும் இந்தச் சுவர்களைத்தான். உள்ளே இருந்த உயிர்ப்பொருள் எப்போதோ போய்விட்டிருந்தது.

மைட்டோகாண்ட்ரியா பள்ளி நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியாது, அதைப் பேசித்தான் புரியவைக்க வேண்டும். மகளிடம் இப்படிக் கேளுங்கள்: மண்ணுக்கடியில் இருக்கும் உருளைக்கிழங்குக்கு உயிர் இருக்கிறதா? முளைக்கிறதே, சக்தி எங்கிருந்து வருகிறது? பசுங்கணிகம் உணவு தயாரிக்கும், அந்த உணவிலிருந்து சக்தியை எடுப்பது மைட்டோகாண்ட்ரியா. செடிக்கும் அந்தச் சக்தி வேண்டும், நமக்கும் வேண்டும். ஆகவே இரண்டு செல்லிலும் அது உண்டு.

விலங்கு செல்லுக்குக் கன்னத்தின் உட்புறம். பஞ்சு சுற்றிய குச்சியால் மெதுவாகத் தேய்த்து, மெத்திலீன் நீலச் சாயம் ஒரு சொட்டு. ஒருவர் குச்சியை இன்னொருவர் தொடக் கூடாது, உடனே கிருமிநாசினியில் போட்டுவிட வேண்டும். இங்கேதான் எனக்கு ஆறாத ஒரு வருத்தம். எங்கள் மாணவி ஒருத்தி தான் பார்த்த கன்ன செல்லை ஓரம் மடிந்து, கோணல்மாணலாக, உள்ளது உள்ளபடி வரைந்து அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். நடுவராக வந்தவர், விலங்கு செல் வட்டமாக இருக்க வேண்டாமா என்று கேட்டு ஒதுக்கிவிட்டார். கடையில் காசு கொடுத்து வாங்கிய தெர்மாகோல் மாதிரிக்குப் பரிசு. முதுகுத்தண்டிலிருந்து கால் விரல்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளும் நரம்பு செல் நம் உடம்பில் இருக்கிறது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே இல்லை. எல்லாமே விலங்கு செல்தான், எதை வட்டம் என்று அடம்பிடிப்பது? அந்தப் பிள்ளை அன்றைக்கு அழுதது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

உடனே சிலர் வருவார்கள், "தேர்வில் அட்டவணைதானே கேட்கிறார்கள், இதற்கெல்லாம் நேரம் ஏது" என்று. அட்டவணை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பார்த்த பிறகு எழுதட்டும் என்கிறேன். நேரம் இல்லை என்பது மட்டும் உண்மை. பாடம் நடத்துகிற நேரத்தில் பாதியைப் படிவங்களும் செயலியில் பதிவேற்றுவதும் தின்றுவிடுகின்றன. இணையம் கிடைக்காத நாளில் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடியில் நிற்கிற ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். அது வேறு கதை, விடுங்கள்.

நீங்கள் செய்யக்கூடியது: பள்ளி அறிவியல் ஆசிரியரிடம் நுண்ணோக்கியைக் காட்டச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பீரோ திறக்கும். இல்லையென்றால் ஸ்டான்போர்டில் மனு பிரகாஷ் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி, ஃபோல்ட்ஸ்கோப், ஒன்று வாங்கலாம். 140 மடங்கு பெருக்கிக் காட்டும், வெங்காயத்துக்கு அது தாராளம். சாஃப்ரானினுக்குப் பதில் புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் ஒரு சொட்டு போதும். பார்த்து முடித்ததும் அட்டவணையை அவளையே எழுதச் சொல்லுங்கள். இரண்டு நெடுவரிசை போதாது, "இரண்டிலும் இருப்பவை" என்று மூன்றாவது ஒன்றும் போட்டு, அதில் முதலில் மைட்டோகாண்ட்ரியாவை எழுதட்டும்.